ஷபானா ஆஸ்மி: ஒரு திரையிடலுக்கு முன் சில கேள்விகள்

காவிரிக்கரை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறிய வாசகர் வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் கூடி, ஒரு மாதம் நூல், மறு மாதம் திரைப்படம் என்று மாற்றி மாற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்கு ஷபானா ஆஸ்மியை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தேன். வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உடனே, "நல்ல நடிகை என்பதில் எனக்கு ஐயமில்லை அம்மா. ஆனால் அழைப்பிதழில் சமூகச் செயற்பாட்டாளர் என்று போட வேண்டாம். நடிகைகளுக்கு அதுவும் ஓர் ஒப்பனைதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேசலாம் என்றால் கையில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: 1950 செப்டம்பரில் ஐதராபாத்தில் பிறந்தவர், உருதுக் கவிஞர் கைஃபி ஆஸ்மியின் மகள், சிறந்த நடிகைக்கான தேசிய விருதை ஐந்து முறை பெற்றவர், 1997 முதல் 2003 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தவர், ஜாவேத் அக்தரின் மனைவி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு இது போதும். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் ஒரு பெரியவரின் ஐயத்தைத் தீர்க்க இது போதாது.

ஆகவே கேட்கிறேன். இந்தி அறியாதவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் கூட்டத்தில் எந்தப் படத்தைத் திரையிட்டால் அவருடைய நடிப்பின் வலிமை விளங்கும்? களப்பணி என்று சொல்லப்படுவதில் உண்மையாக நடந்தது என்ன? இந்த இரண்டுக்கும் உள்ளார்ந்த தொடர்பு ஏதேனும் உண்டா, அல்லது புகழ் வந்த பிறகு தோளில் போட்டுக்கொண்ட சால்வையா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதலாம். படிக்க எனக்கு நேரம் இருக்கிறது.


பழைய ரீல்:

அம்மா, படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த வாசல் அதுதான்.

1974-இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் 'அங்குர்' அவருடைய முதல் படம். மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் உளவியல் படித்துவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயின்று வெளியே வந்த நகரத்துப் பெண் அவர். ஏற்க வேண்டிய பாத்திரமோ தெலங்கானா கிராமத்தில் நிலக்கிழார் வீட்டில் வேலை செய்யும் லட்சுமி. வாய்பேசாத, காதுகேளாத, குடிப்பழக்கம் உள்ள குயவனின் மனைவி. வசனம் பிரச்சினையாக இருக்கவில்லை. தாய் ஷௌகத் ஐதராபாத்துக்காரர் என்பதால் அந்தத் தக்கணி உருது அவருக்குச் செவிப்பழக்கமானது. குத்துக்காலிட்டு உட்காருவதுதான் வரவில்லை. நாற்காலியில் வளர்ந்த உடம்பு ஐந்து நிமிடத்தில் கணுக்கால் வலிக்கிறது என்று எழுந்துவிடும். எல்லோரும் மேசையில் சாப்பிடும்போது நீ மட்டும் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடு என்று பெனகல் சொல்லிவிட்டார். சில நாள் கழித்து, படப்பிடிப்பைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்கள் அவரிடமே வந்து கதாநாயகி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தான் வீட்டு ஆயா என்று சொல்லி அவர் சமாளிக்க, மாணவர்களும் நம்பிப் போய்விட்டார்கள். அதைக் கண்ட பெனகல், இனி நீ மேசைக்கு வந்து சாப்பிடலாம் என்றாராம். ஷபானா பல பேட்டிகளில் சிரித்தபடியே சொன்ன கதை இது.

அந்தப் படத்தில் அவர் அம்மி அரைக்கும்போதும் தரையைத் துடைக்கும்போதும் நீங்கள் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, முதுகை. வேலைக்காரியாக நடிக்கிற நடிகைகள் வழக்கமாகக் காமிராவுக்கு முகம் தெரியும்படிக் குனிவார்கள். இவர் வேலைக்காகக் குனிகிறார். கடைசிக் காட்சியில், நிலக்கிழாரின் மகன் அச்சத்தில் அவளுடைய கணவனைச் சாட்டையால் அடித்து நொறுக்கிய பிறகு, அதுவரை அடங்கியிருந்த லட்சுமி சாபமிட்டுக் கதறுகிறாள். கூட்டம் கலைந்து போகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் மட்டும் கல்லை எடுத்து நிலக்கிழார் வீட்டுச் சன்னல் மேல் எறிந்துவிட்டு ஓடுகிறான். 'அங்குர்' என்றால் முளை என்று பொருள். அவருக்கு முதல் தேசிய விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது.

அடுத்து 1982-ஆம் ஆண்டின் 'அர்த்'. மகேஷ் பட் இயக்கியது. கணவன் இன்னொரு பெண்ணை நாடிப் போய்விட, அநாதையாக வளர்ந்த பூஜா என்ற மனைவி தனியே நிற்கக் கற்றுக்கொள்ளும் கதை. அந்த இன்னொரு பெண்ணாக ஸ்மிதா பாட்டீல் நடித்தார். முடிவில் கணவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். "நான் இப்படி ஒருவனோடு போய்விட்டுத் திரும்பி வந்திருந்தால் நீ என்னை ஏற்றிருப்பாயா?" என்ற பொருளில் அவள் கேட்கிறாள். அவன் உண்மையைச் சொல்கிறான்: மாட்டேன். அவளும் கதவை மூடிவிடுகிறாள். இந்திய மனைவி மன்னிக்காமல் போனால் படம் ஓடாது என்று விநியோகஸ்தர்கள் முடிவை மாற்றச் சொன்னார்கள்; இயக்குநரும் நடிகையும் அசையவில்லை. படம் ஓடியது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் ஒரு நுனி கிடைக்கிறது. 'அர்த்' வெளியான பிறகு, முன்பின் அறியாத பெண்கள் அவருடைய வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்க அல்ல. தங்கள் மணவாழ்க்கையின் சிக்கலைச் சொல்லி, இனி என்ன செய்வது என்று கேட்க. திரையில் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசிய தன்னிடம் இவர்கள் விடை எதிர்பார்க்கிறார்களே என்று முதலில் மிரண்டுபோனதாகவும், நடிகை என்பவள் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாத இடம் ஒன்று உண்டு என்று அப்போதுதான் உணர்ந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

'அர்த்', மிருணாள் சென்னின் 'கந்தர்', கௌதம் கோஷின் 'பார்' ஆகிய மூன்றுக்கும் 1982, 1983, 1984 என்று அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் தேசிய விருதுகள் அவருக்கே வந்தன. நான்காம் ஆண்டுதான் அந்தச் சங்கிலி அறுந்தது. 'சிந்து பைரவி'க்காக நம் சுஹாசினி பெற்றார். ஐந்தாவது விருது, நெடுநாள் கழித்து, 'காட்மதர்' படத்துக்கு.

என் பரிந்துரை 'பார்'. பீகாரில் நிலவுடைமையாளர்களின் வன்முறைக்குத் தப்பிக் கல்கத்தாவுக்கு ஓடிவரும் நிலமற்ற கூலித் தம்பதி. நசீருத்தீன் ஷாவும் ஷபானாவும். ஊர் திரும்பக் காசில்லை. பன்றிக் கூட்டம் ஒன்றை ஆற்றின் மறுகரைக்கு நீந்தவைத்து ஓட்டிச் சென்றால் கூலி கிடைக்கும் என்கிறார்கள். அவளோ கருவுற்றிருக்கிறாள். அந்த ஆற்றுக் காட்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வசனமே பெரும்பாலும் இல்லை. வெனிஸ் திரைப்பட விழாவில் நசீருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். உங்கள் தலைமையாசிரியர் ஐயாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.


தாராவித் தமிழன்:

பழைய ரீல் ஐயா படத்தைச் சொல்லிவிட்டார். நான் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவன், என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். ஆகவே இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். களப்பணி என்றால் முதலில் சொல்ல வேண்டியது 1986-இல் ஷபானா இருந்த உண்ணாவிரதம். கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் அதன் பொருள் புரியும்.

1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், மும்பையின் நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்புவது என்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. குடிசைகளைப் பிய்த்து எறிந்து, ஆட்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன வழக்குதான் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. சொந்த ஊரில் நிலமற்ற கூலியாக இருந்து, வறட்சியில் அந்த வேலையும் போய், 1961-இல் மும்பை வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் தார்ப்பாயும் போர்த்திய ஓர் இடத்துக்காக அங்கிருந்த தாதா ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருந்தான். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். பிழைக்க வழியில்லாமல் திரும்பவும் மும்பைக்கே வந்து நடைபாதையில் குடியேறினார். இவ்வளவும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று அழகாகச் சொன்னது. அதே கையோடு, உரிய அறிவிப்பு கொடுத்து மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றும் சொன்னது. வார்த்தை ஏழைக்கு, புல்டோசர் மாநகராட்சிக்கு என்று எங்கள் பகுதியில் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1986 வருகிறது. நரிமன் முனைக்கு அருகே, பணக்காரக் கோபுரங்களின் நிழலில், சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப்பகுதி இருந்தது. அந்தக் கோபுரங்களைக் கட்டிய கூலிகளும், அவற்றில் பாத்திரம் தேய்த்த பெண்களும்தான் அங்கே குடியிருந்தவர்கள். அது இடிக்கப்பட்டது. மாற்று இடம் கேட்டுக் குடியிருந்தோர் சிலரும், ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனும், ஷபானாவும் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர் நடித்த மிருணாள் சென்னின் 'ஜெனசிஸ்' கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்த நேரம் அது. பிரான்சுக்குப் போவதை விட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தார்.

தாய் ஷௌகத் துடித்துப்போனார். கைஃபி அப்போது பயணத்தில் இருந்தார். மகளைத் தடுக்கச் சொல்லி மனைவி கேட்பார் என்று அறிந்தவர்போல, அவரிடமிருந்து வந்த தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: வாழ்த்துகள், தோழரே. மகளே என்றுகூட எழுதவில்லை.

ஐந்தாம் நாள் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அன்றைக்கு நடிகர் சசி கபூர் தாமாகவே முதலமைச்சரைப் போய்ப் பார்த்துப் பேசினார்; அரசு இறங்கி வந்து மாற்று இடம் தர ஒப்புக்கொண்டது. செய்தியாளர்கள் காமிராவோடு ஓடிவந்தபோது சசி கபூரைத் தேடினால் ஆளே இல்லை, சத்தமில்லாமல் போய்விட்டிருந்தார். அவர் இறந்தபோது ஷபானா இதை நினைவுகூர்ந்தார். இது அவருக்கான திரி அல்ல என்றாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்த இடம் கோரேகாவில். பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே. வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு வேலை தெற்கே, வீடு வடக்கே என்றாயிற்று. சென்னையில் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்களிடம் கேட்டால் இந்த வலியைத் துல்லியமாகச் சொல்வார்கள். ஆனாலும், இடித்தால் மாற்று இடம் கொடுத்தாக வேண்டும் என்பதை அரசின் வாயால் சொல்லவைத்தது அந்தப் போராட்டம்.

தலைமையாசிரியர் ஐயா கவனிக்க வேண்டியது, அதற்குப் பிறகு நடந்ததை. உண்ணாவிரதம் முடிந்ததும் பழச்சாறு குடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 'நிவாரா ஹக் சுரக்ஷா சமிதி' என்ற குடியிருப்பு உரிமை அமைப்பில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். 1997-இல், போரிவலி பக்கத்துத் தேசியப் பூங்காவின் காட்டு நிலத்தில் குடியேறியவர்களை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஆயிரக்கணக்கான குடிசைகள் தரைமட்டமாயின. அந்த மக்களுக்காக அந்த அமைப்பு ஆண்டுகள் பலவாகப் பேசி, வழக்காடி, கட்டிடக் கலைஞர் பி.கே. தாஸ் போன்றோருடன் வரைபடம் போட்டு, சாந்திவலியில் ஏறத்தாழ 12,000 குடும்பங்களுக்கான அடுக்குக் குடியிருப்பைக் கொண்டுவந்தது. அந்த இடத்துக்குச் சங்கர்ஷ் நகர் என்று பெயர், போராட்ட நகர். வரைபடம், தகுதிப் பட்டியல், ரேஷன் அட்டை நகல், அரசு அலுவலகத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பு என்று காமிராவுக்கு எந்த வகையிலும் பயன்படாத வேலை இது. ஒப்பனை என்றால் ஒரு மாலைக்குமேல் நிற்காது, ஐயா.


நூல் பிடிப்பவன்:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவரைப் பளிங்குச் சிலையாக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சில சொல்கிறேன்.

முதலாவது, அவர் மாற்றுச் சினிமாவின் துறவி அல்லர். 'அங்குர்', 'நிஷாந்த்' எடுத்த அதே பத்தாண்டில் 'ஃபக்கீரா', 'அமர் அக்பர் அந்தோணி', 'பர்வரிஷ்' என்று பாட்டும் சண்டையும் நிறைந்த படங்களிலும் நடித்தார். வணிகப் படம் தரும் அறிமுகம் இருந்தால்தான் சிறு முதலீட்டுப் படத்தைப் பார்க்க மக்கள் வருவார்கள் என்பது அவர் சொன்ன நியாயம். எனக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. மீதிப் பாதி, ஒரு நடிகைக்கு வீட்டு வாடகையும் உண்டு என்பது. இதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, ஸ்மிதா பாட்டீலோடு ஒப்பிடாமல் இந்தத் தலைமுறையைப் பேச முடியாது. 1986 டிசம்பரில், மகப்பேற்றுக்குப் பிறகான சிக்கல்களால், 31 வயதில் ஸ்மிதா மறைந்தார். இருவருக்கும் இடையே போட்டியும் பிணக்கும் இருந்தன. ஊடகம் அதில் எண்ணெய் ஊற்றியது. ஸ்மிதாவைப் பற்றித் தான் பேசியிருக்கக் கூடாத சிலவற்றைப் பேசியதற்கு வருந்துவதாக ஷபானா பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். ஸ்மிதாவும் பெண்களுக்கான அமைப்புகளோடு நின்றவர்தான். நிறைய நாள் வாழக் கிடைத்தவரின் பணி நமக்கு அதிகமாகத் தெரிகிறது என்பதையும் கூட்டத்தில் ஒரு வரி சொல்லுங்கள்.

அதே சமயம், நேர்மையாகச் சொன்னால், ஒப்பனை என்ற சொல்லை நானும் ஏற்கமாட்டேன். ஒப்பனைக்காக எவரும் இரு தரப்பிடமும் திட்டு வாங்க மாட்டார். 1989 ஜனவரியில், தில்லிக்கு அருகே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி இறந்தார். அதே மாதம் தில்லியில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவின் மேடையேறிய ஷபானா, அந்தத் தாக்குதலுக்காக ஆளுங்கட்சியைச் சாடும் கண்டன அறிக்கையை வாசித்தார். அரசு நடத்தும் விழா, அரசின் மேடை. அதே ஆண்டில் மத நல்லிணக்கத்துக்காகத் தில்லியிலிருந்து மீரட்டுக்குச் சுவாமி அக்னிவேஷ், அஸ்கர் அலி எஞ்சினியர் ஆகியோருடன் நான்கு நாள் நடைப்பயணம் போனார். மீரட்டில் மதக் கலவரத்தில் இரத்தம் சிந்தி அப்போது இரண்டே ஆண்டுகள்.

1998 இறுதியில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' திரையிடப்பட்டது. ஒரே வீட்டு மருமகள்கள் இருவருக்கிடையிலான காதலைச் சொன்ன படம். உடன் நடித்த நந்திதா தாஸ் பிறகு 'அழகி'யில் தனலட்சுமியாக நமக்கு அறிமுகமானவர். மும்பையிலும் தில்லியிலும் சிவசேனையினர் அரங்குகளை அடித்து நொறுக்கினர்; படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, வெட்டின்றித் திரும்பி வந்தது. 2000-இல் அதே இயக்குநரின் 'வாட்டர்' படத்துக்காக, காசி விதவையாக நடிக்க ஷபானாவும் நந்திதாவும் தலையை மழித்துக்கொண்டு போய் நின்றார்கள். கங்கைக் கரையில் போட்ட அரங்கத்தை ஒரு கூட்டம் உடைத்து ஆற்றில் எறிந்தது, படப்பிடிப்பு நின்றது. சில ஆண்டுகள் கழித்து இலங்கையில் வேறு நடிகைகளை வைத்து அந்தப் படம் எடுக்கப்பட்டது. ஆக, அவர் நடிக்காத படத்துக்காக மொட்டைத் தலையோடு மாநிலங்களவையில் உட்கார்ந்திருந்தார்.

இது இந்துத்துவத் தரப்பு என்றால், 2001-இல் மறுதரப்பு. அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மீது படையெடுத்தபோது இந்திய முஸ்லிம்கள் அங்கே போய்ப் போரிட வேண்டும் என்ற பொருளில் தில்லி ஜமா மசூதியின் ஷாஹி இமாம் பேசினார். முதலில் அவரையே காந்தஹாரில் இறக்கிவிடலாமே என்றார் ஷபானா. தொலைக்காட்சியில் அதற்கு இமாம் சொன்ன பதில், ஆடிப்பாடுகிறவளுக்கு நான் பதில் சொல்வதில்லை என்பது. ஒரு பெண்ணின் கருத்தைத் தள்ளிவிட அவளுடைய தொழிலைச் சொன்னால் போதும் என்று அவர் நினைத்தார். உங்கள் தலைமையாசிரியர் ஐயாவின் சொல்லுக்கு அவ்வளவு கடுமை இல்லை, என்றாலும் இரண்டும் ஒரே ஊர்ப் பாதைதான். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.


காவிரிக்கரை வாசகி:

மூவருக்கும் நன்றி. சேலத்துக்காரரைப் பற்றிய பகுதியை எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மீண்டும் படித்தேன். 'பார்' என்று முடிவு செய்துவிட்டோம்.

ஒரே ஒரு துணைக் கேள்வி. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? தந்தையின் தந்தியைப் பார்த்தால் வீட்டிலிருந்தே என்று தோன்றுகிறது. அறிமுக உரையில் அவருடைய சிறுவயது குறித்து ஐந்து நிமிடம் பேச ஏதேனும் கிடைக்குமா?


பழைய ரீல்:

கிடைக்கும் அம்மா. ஐந்து நிமிடத்தில் அடங்குமா என்பதுதான் ஐயம்.

அவருக்கு ஒன்பது வயதாகும்வரை குடும்பம் மும்பையில் கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டுக் குடியிருப்பில் இருந்தது. எட்டுக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. பெயர் செங்கொடி மண்டபம். கைஃபி முழுநேரக் கட்சி ஊழியர். கட்சி தந்த சொற்பத் தொகையில் அடுப்பு எரியாது என்பதால் ஷௌகத் நாடகத்தில் நடித்தார். பிருத்வி தியேட்டர் ஒத்திகைக்குக் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போவார். மதன்புராவின் நெசவுத் தொழிலாளர் கூட்டங்களுக்குத் தந்தை தோளில் சுமந்து போவார். ஆக அரங்கமும் ஊர்வலமும் அந்தக் குழந்தைக்கு ஒரே வயதில் அறிமுகமாயின. எது முதலில், எது பிறகு என்ற கேள்வியே அவரைப் பொறுத்தவரை எழவில்லை. பதினோரு வயதுவரை வீட்டில் முன்னி என்றுதான் அழைத்தார்கள்; ஷபானா என்று பெயர் வைத்தவர் கவிஞர் அலி சர்தார் ஜாஃப்ரி.

பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட பொம்மை வேண்டும் என்று அடம்பிடித்த மகளுக்குக் கைஃபி கறுப்புப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து, கறுப்பும் அழகுதான் என்றாராம். குழந்தைக்கு அப்போது பிடிக்கவில்லை. எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்!

பள்ளிச் சேர்க்கையின்போது நடந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஆங்கிலப் பள்ளியில் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால்தான் பிள்ளைக்கு இடம். கைஃபிக்கும் ஷௌகத்துக்கும் ஆங்கிலம் வராது. ஆகவே ஆங்கிலம் தெரிந்த தோழர்கள் இருவர் தாய் தந்தையாக நடித்துச் சேர்த்துவிட்டு வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் நடிப்பு முதலில் பயன்பட்டது இப்படி.

முதுமையில், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த நிலையில், கைஃபி தான் பிறந்த ஊரான உத்தரப் பிரதேசத்து மிஜ்வானுக்குத் திரும்பினார். அப்போது அஞ்சலகமும் சாலையும் இல்லாத ஊர். 1993-இல் அங்கே ஒரு நலச் சங்கத்தைத் தொடங்கிப் பெண்களுக்கான பள்ளி, கணினிப் பயிற்சி, சிக்கன் பூவேலைத் தையல் மையம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். மகள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002 மே மாதம் தந்தை இறந்த பிறகு, பாதியில் நின்ற பணி தன் பொறுப்பு என்று ஏற்றார். அந்தப் பெண்கள் தைத்த ஆடைகள் இன்று மும்பையில் ஆடை வடிவமைப்பாளர்களின் மேடையேறுகின்றன. ஐயப்படுவோர் சினிமா நட்சத்திரங்களின் அணிவகுப்பை மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பூவேலையை மடியில் வைத்துத் தைத்தவள் வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண்ணாக இருக்கக்கூடும் என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

நேரம் மிஞ்சினால், மகேஷ் தத்தானியின் 'மார்னிங் ராகா'விலிருந்து ஒரு துண்டைக் காட்டுங்கள். 2004-ஆம் ஆண்டுப் படம். கர்நாடக இசைப் பாடகியாக நடித்திருக்கிறார். "தாயே யசோதா" வரும்போது உங்கள் வட்டத்துப் பாட்டிமார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதை இயற்றிய ஊத்துக்காடு வேங்கடகவி உங்கள் காவிரிப் பக்கத்துக்காரர்தானே.


தாராவித் தமிழன்:

ஒரு நடைமுறைச் செய்தி, அம்மா. 'பார்' முடிவில், ஆற்றைக் கடந்து கரையேறியபின், வயிற்றுக்குள் அசைவில்லை, குழந்தை போய்விட்டது என்று அவள் அழுவாள். அவன் அவளுடைய வயிற்றில் காதை வைத்துக் கேட்பான். அந்த இடத்தில் ஒலி மிகவும் தாழ்ந்துவிடும். எங்கள் பகுதியில் ஒருமுறை திரையிட்டபோது, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு தம்பி மின்விசிறியையும் விளக்கையும் போட்டுவிட்டான். பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். கேட்க வேண்டிய இதயத் துடிப்பை மின்விசிறிச் சத்தம் விழுங்கிவிட்டது. உங்கள் அறையில் விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவரை நிறுத்தி வையுங்கள். தலைமையாசிரியர் ஐயாவையே கேட்டுப் பாருங்கள்.